பயில்வான் நாற்காலியில் உட்கார்ந்த கதை

அந்த முதியோர் இல்லத்துக்கு அவர் வேலை கேட்டு வரவில்லை. இரும்புக் கட்டில் இறக்க வந்தார். அப்போது அவருக்கு இருபத்தேழு வயது. வீடு மாற்றுகிறவர்களின் பீரோவையும் மேசையையும் லாரியில் ஏற்றி இறக்கும் கம்பெனியில் வேலை. ஆறு கட்டில்களில் நான்கை மாடியில் சேர்த்துவிட்டு ஐந்தாவதோடு ஏறி வந்தவர், ஓர் அறை வாசலில் நின்றுவிட்டார். உள்ளே கனத்த சரீரமுள்ள பெரியவர் ஒருவர் தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். இரண்டு பெண்கள் ஆளுக்கொரு அக்குளில் கை கொடுத்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். பெரியவர் இம்மியும் அசையவில்லை. "விடுங்கம்மா, நான் இங்கயே குடித்தனம் பண்ணிக்கிறேன்" என்றார், பாதி கிண்டலும் பாதி அழுகையுமாக.

இவர் கட்டிலைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே போனார். பெரியவருக்கு எதிரில் குந்தி உட்கார்ந்து, "ஐயா, என் கழுத்தைக் கட்டிக்குங்க. மூணு எண்ணுவேன். மூணுல நீங்களே எழுந்திருக்கிற மாதிரி நெனச்சுக்குங்க, போதும்" என்றார். மூன்று என்று சொன்னபோது பெரியவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார்.

வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த இல்லத்தின் பொறுப்பாளர் அம்மா, "பீரோவையும் இப்படித்தான் தூக்குவியா?" என்று கேட்டார்.

"இல்லீங்கம்மா. பீரோ வலிக்குதுன்னு சொல்லாது."

அடுத்த வாரமே அவர் அங்கே பராமரிப்பாளராகச் சேர்ந்துவிட்டார். ஆள் ஊதினால் பறந்துவிடுவது போல் இருப்பார். சட்டைக்குள் பாதி காற்றுதான். அதனாலேயே அவருக்குப் பயில்வான் என்று பேர் வைத்தார்கள். முதலில் கேலிக்கு வைத்தது, ஆறே மாதத்தில் மரியாதைக்கு உரியதாகிவிட்டது.

இருபத்திரண்டு வருஷம் அவர் அந்த இல்லத்தில் மனிதர்களைத் தூக்கினார். கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து குளியலறைக்கு, குளியலறையிலிருந்து வெயில் படும் ஜன்னலோரத்துக்கு. அவர் சொல்லாமல் யாரையும் தொட்டதில்லை. "இப்ப இடது கையைப் பிடிக்கப் போறேன், என் கை கொஞ்சம் ஜில்லுனு இருக்கும்" என்று சொல்லிவிட்டுத்தான் தொடுவார். நினைவு தப்பியவர்களிடமும் அப்படித்தான். யாருக்கு எந்தத் தோள் வலிக்கும், யார் எண்ணும்போது இரண்டிலேயே எம்பிவிடுவார், யாருக்கு முதலில் செருப்பு வேண்டும் எல்லாம் அவருக்கு அத்துப்படி. "பயில்வான் வரட்டும், அதுவரைக்கும் நான் எழுந்திருக்க மாட்டேன்" என்று படுத்திருப்பவர்கள் எப்போதும் நாலைந்து பேராவது இருப்பார்கள். வெளியே சலித்துக்கொள்வார், உள்ளுக்குள் அது அவருக்குத் தேனாக இனிக்கும்.

அவருக்கு நாற்பத்தொன்பது வயதானபோது பொறுப்பாளர் அம்மா ஓய்வு பெற்றார். நிர்வாகக் குழு கூடி, வெளியிலிருந்து யாரும் வேண்டாம், பயில்வானே அந்த இடத்துக்கு வரட்டும் என்று முடிவு செய்தது. நாற்பத்தொரு முதியவர்கள், பதினான்கு பராமரிப்பாளர்கள், சமையல்கட்டு, துணி துவைக்கும் இடம் எல்லாம் இனி அவர் பொறுப்பு. கூடவே ஓர் அறை, ஒரு மேசை, சுழலும் நாற்காலி.

முதல் நாள் எல்லாரையும் சாப்பாட்டுக் கூடத்தில் கூட்டிவைத்துச் சொன்னார்: "நான் அதிகாரி கிடையாது. உங்களுக்கு வேலைக்காரன். எந்த வேலையா இருந்தாலும் கூப்பிடுங்க, வந்து நிப்பேன்."

எல்லாரும் கை தட்டினார்கள். அவரும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். யாராவது தரை துடைத்துக்கொண்டிருந்தால் துடைக்கும் துணியை வாங்கிக்கொள்வார். சமையல்கட்டில் ஆள் வராத நாளில் காய் நறுக்குவார். பெட்ஷீட் உதறுவார், குழாய் மாற்றுவார், ஊட்டிவிடுவார். தூக்குகிற வேலையை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார். அறைக்குள் அந்த நாற்காலி உறை பிரிக்காமலே கிடந்தது. பார்க்க வந்த குழு உறுப்பினர் ஒருவர், முழங்கால் வரை ஈரத்தோடு நின்றவரைப் பார்த்து, "பொறுப்பாளர்னா இப்படி இருக்கணும்" என்று நெகிழ்ந்துபோனார். பயில்வானுக்குக் கால் தரையில் பாவவில்லை.

இரண்டு மாதம் போனது. மேசைமேல் காகிதங்கள் குவிந்தன. கையுறைப் பெட்டிகள் வாங்குவதற்கான கடிதம் கையெழுத்துக்குக் காத்திருந்தது. கையுறை தீர்ந்துபோன பிறகுதான் அது அவர் கண்ணில் பட்டது. முதல் மாடியில் மூன்று சக்கர நாற்காலிகள் சக்கரம் திரும்பாமல் மூலையில் நின்றன. பழுது பார்ப்பவரைக் கூப்பிட ஒரு போன் போதும், அந்தப் போனைப் போடத்தான் ஆள் இல்லை. யார் எந்த நேரத்தில் எந்த மாடியில் என்று எழுதிப்போடும் டியூட்டி சார்ட், வெள்ளிக்கிழமை ஒட்ட வேண்டியது, ஞாயிறு, திங்கள் என்று தள்ளிப்போனது. கேட்டால், "இதோ, அந்தத் தாத்தாவைக் குளிக்க வெச்சிட்டு எழுதிடறேன்" என்பார். பொய் இல்லை. தாத்தாவை அவர்தான் குளிக்க வைத்தார்.

முதல் மாடியில் நெடுநாளாக வேலை பார்க்கும் பெண் ஒருவர் இருந்தார். வேலை செய்யும்போது வாய் ஓயாது. தன் மாமியார், பக்கத்து வீட்டுப் பூனை, பஸ்ஸில் நடந்த சண்டை, எல்லாம் ஒலிபரப்பாகும். படுக்கையில் கிடப்பவர்களுக்கு அதுதான் பொழுதுபோக்கு. அவருக்கு ரேடியோ என்று பேர். அந்த ரேடியோ கொஞ்ச நாளாகச் சத்தமில்லாமல் இருந்தது. பயில்வான் கவனித்தார், கேட்க நேரமில்லை.

அப்படி இருக்கும்போதுதான் அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தது. அந்த வாரமும் சார்ட் ஒட்டவில்லை. முதல் மாடிக்கு இரண்டு பேர் வேண்டும். மற்றவர் தனக்கு அன்று மதியம்தான் முறை என்று நினைத்துக்கொண்டு வீட்டில் இருந்துவிட்டார். மாடியில் ரேடியோ மட்டும் தனியாக.

அங்கே கணக்கு டீச்சர் என்று ஒரு அம்மா இருந்தார். முப்பத்தைந்து வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு குழறும், புத்தி மட்டும் கத்தி மாதிரி. காலை எட்டு மணிக்கு அவர் கழிப்பறைக்குப் போகவேண்டும் என்று மணியை அழுத்தினார். ஒருவராகத் தூக்க முடியாது என்று தெரிந்து ரேடியோ கீழே போன் செய்தார், பயில்வானைக் கூப்பிட. பயில்வான் அந்த நேரம் சமையல்கட்டுச் சாக்கடை அடைப்பில் தோள்வரை கையை விட்டுக்கொண்டிருந்தார். "ரெண்டே நிமிஷம், வந்துட்டேன்னு சொல்லு" என்றார்.

அவர் கை கழுவி மாடி ஏறியபோது எல்லாம் முடிந்திருந்தது. டீச்சரால் அதற்குமேல் அடக்க முடியவில்லை. ரேடியோ தனியாகவே தூக்கியிருக்கிறார். பாதியில் டீச்சர் நழுவ, மேல்கையை இறுக்கிப் பிடித்து நாற்காலியில் போட்டிருக்கிறார். விழவில்லை. ஆனால் மறுநாள் அந்தக் கையில் உள்ளங்கை அகலத்துக்குக் கருநீலமாகக் கன்றிப்போயிருந்தது.

வியாழக்கிழமை டீச்சரின் மகன் வந்தார். கையைப் பார்த்தார். "யார் இதைப் பண்ணது?" என்று கூடமே அதிரும்படி கத்தினார். ரேடியோ முன்னால் வந்து நின்று, "நான்தான் சார்" என்றார். அதற்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லை. மகன் அன்றே நிர்வாகக் குழுவுக்கு எழுதிக்கொடுத்தார்: அந்தப் பெண்ணை வேலையை விட்டு அனுப்ப வேண்டும், இல்லையென்றால் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்விடுவேன்.

துணி அடுக்கும் அறையில் ரேடியோ தலையணை உறைகளை மடித்துக்கொண்டிருந்தார். பயில்வான் உள்ளே போய், பழக்கதோஷத்தில் தானும் ஓர் உறையை எடுத்து மடிக்க ஆரம்பித்தார்.

"அதை வைங்கண்ணே" என்றார் ரேடியோ.

"ரெண்டு பேரா மடிச்சா..."

"வைங்கன்னு சொன்னேன். அது என் வேலை." குரல் உயரவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "எங்க அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். லீவு எழுதிக் கொடுத்து மூணு வாரம் ஆச்சு. உங்க மேசையில அது எங்க இருக்குன்னாவது உங்களுக்குத் தெரியுமா? தங்கச்சியை அனுப்பினேன். அம்மா கண்ணைத் திறந்ததும் என்னைத்தான் தேடினாங்களாம்."

பயில்வான் உறையைக் கீழே வைத்தார்.

"நீங்க வந்து தரை துடைக்கிறீங்க. எனக்குத் தரை துடைக்கத் தெரியாதா? நான் தூக்கப்போனா, நகரு நகருன்னு நீங்க வந்து தூக்குறீங்க. இப்ப யாரும் எங்க கையில வர மாட்டேங்கறாங்க. பயில்வான் எங்கன்னு கேக்கறாங்க. எங்களுக்குன்னு நீங்க செய்ய வேண்டியது நாலே நாலு விஷயம்ணே. சார்ட்டு, லீவு, கையுறை, ஓடுற நாற்காலி. அதை எங்களால செஞ்சுக்க முடியாது. கையெழுத்து உங்ககிட்ட இருக்கு."

பயில்வான், "நான் உங்களுக்கு ஒத்தாசையாத்தான்..." என்று இழுத்தார்.

"தெரியும்ணே. அதனாலதான் இத்தனை நாள் வாயைத் திறக்கல."

அன்று சாயங்காலம் வீட்டில் மனைவியிடம் ஒன்றுவிடாமல் சொன்னார். அவர் மனைவி பஸ் கண்டக்டர். பின்படிக்கட்டில் தொங்குகிறவனை முன்னாலிருந்தே அடக்கும் குரல். அன்று அந்தக் குரலைக் கொஞ்சம் தணித்துக்கொண்டுதான் பேசினார்.

"டிரைவர் எழுந்து வந்து டிக்கெட் கிழிச்சா, ஆகா எவ்வளவு நல்ல மனுஷன்னு எல்லாரும் சொல்லுவாங்க. பஸ்ஸை யாருங்க ஓட்டுறது?"

"அப்ப நான் பண்ணதெல்லாம் தப்பா?"

"தப்புன்னு சொல்லல. பேராசைன்னு சொல்றேன். எல்லா தேங்க்ஸும் உங்களுக்கே வரணும். அந்த நாற்காலியில உக்காந்து கையெழுத்துப் போட்டா எந்தப் பாட்டியும் கன்னத்தைத் தடவிக் கொடுக்காது. அதான் உங்களுக்கு உக்கார முடியல."

பயில்வானுக்குச் சுருக்கென்று தைத்தது. கோபம் வரும் என்று பார்த்தார், வரவில்லை. அதற்குப் பதிலாக மூன்று வருஷத்துக்கு முந்தைய ஒரு சம்பவம் நினைவுக்கு வந்தது. யாரோ ஒரு புண்ணியவான் இல்லத்துக்கு ஆள் தூக்கும் இயந்திரம் ஒன்றைக் கொடுத்திருந்தார். சக்கரம் வைத்த கம்பம், நீண்ட கை, அதில் தொட்டில் மாதிரி மாட்டும் தடித்த துணி. அழுத்தினால் ஆளை அலுங்காமல் தூக்கி வைக்கும். பிரித்துக்கூடப் பார்க்காமல், "நான் இருக்கும்போது இந்த இரும்பு எதுக்கு?" என்று எல்லார் முன்னாலும் சிரித்தவர் அவர்தான். அது அப்படியே சாமான் அறைக்குப் போய்விட்டது. செவ்வாய்க்கிழமை காலை அது மட்டும் முதல் மாடியில் இருந்திருந்தால்?

சனிக்கிழமை பத்து மணிக்குக் குழு கூடியது. தலைவி ஒரு பல் டாக்டர். நாளெல்லாம் மற்றவர்களை வாய் திறக்கச் சொல்லிப் பழகியவர் என்பதாலோ என்னவோ, சுற்றி வளைக்காமல் கேட்டார்: "காயம் பட்டிருக்கு. செஞ்சவங்களே ஒத்துக்கிட்டாங்க. அனுப்பிடறதுதானே சரி? நீங்க என்ன சொல்றீங்க?"

டீச்சரின் மகன் எதிர் வரிசையில் கை கட்டி உட்கார்ந்திருந்தார். ரேடியோ கதவோரம் நின்றிருந்தார்.

பயில்வான் எழுந்தார்.

"அனுப்பறதா இருந்தா என்னை அனுப்புங்க" என்றார். "அன்னிக்கு மாடியில ரெண்டு பேர் இருக்கணும். ஒருத்தர்தான் இருந்தாங்க. ஏன்னா டியூட்டி சார்ட்டு நான் போடல. அவங்க என்னைக் கூப்பிட்டாங்க. நான் வரல, சாக்கடை குத்திக்கிட்டு இருந்தேன். ஒரே ஆள் தூக்கறதுக்கு மெஷின் ஒண்ணு நம்மகிட்ட இருக்கு. மூணு வருஷமா மூட்டையா கிடக்கு. அதை வேண்டாம்னு ஒதுக்குனதும் நான்தான். இந்த மூணுல எதுவுமே இவங்க செஞ்சது இல்லை. இவங்க செஞ்சது, விழ இருந்தவங்களைப் பிடிச்சது."

மகன் சட்டென்று, "கதை நல்லா இருக்கு. கை கன்றினது எங்க அம்மாவுக்கு" என்றார்.

"ஆமா சார். உங்க கோபம் நியாயம். ஆனா ஒண்ணு கேக்கறேன். நீங்க எழுதிக் கொடுத்தீங்க, நாங்க கூட்டம் போட்டோம். டீச்சர்கிட்ட என்ன நடந்துச்சுன்னு நம்மள்ல யாராவது கேட்டோமா?"

மகன் தலை குனிந்தார். தலைவி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, "வாங்க, போய்க் கேப்போம்" என்றார்.

எல்லாரும் மாடி ஏறினார்கள். டீச்சர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். இத்தனை பேர் நுழைந்ததும் பரீட்சைக்கு வந்த பிள்ளைகளைப் பார்ப்பது போல் ஒருமுறை பார்த்தார். மகன் பக்கத்தில் போய் விஷயத்தைக் கேட்டார். டீச்சர் ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து, குழறிக் குழறிப் பேசினார்.

"எட்டு மணிக்கு... மணி அடிச்சேன். எட்டு பன்னண்டுக்கு... நான்தான் தூக்கச் சொன்னேன். அவ வேண்டாம்னா. பன்னண்டு நிமிஷம்... யாரும் வரல." சுவர்க் கடிகாரத்தை வலது கையால் காட்டினார். பிறகு ரேடியோவைத் தேடிக் கண்டுபிடித்து, "இவ பிடிக்கலேன்னா... மண்டை உடைஞ்சிருக்கும். ஏன்டி இத்தனை நாளா பேச மாட்டேங்கற? அந்தப் பூனை... குட்டி போட்டுதா இல்லையா?" என்றார்.

ரேடியோ முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். மகன் அம்மாவின் கையைத் தடவிக்கொடுத்தார். பிறகு எழுந்து போய் ரேடியோவுக்கு முன் நின்று, "மன்னிச்சுக்குங்கம்மா" என்றார். எழுதிக்கொடுத்ததைத் திரும்ப வாங்கிக்கொள்வதாகத் தலைவியிடம் சொன்னார்.

எல்லாரும் இறங்கிப் போனபிறகும் பயில்வான் அங்கேயே நின்றார். ரெண்டே நிமிஷம் என்று அவர் சொன்னது டீச்சரின் கணக்கில் பன்னிரண்டு. குழுவின் எச்சரிக்கைக் கடிதம் ஒன்று அவருக்கு வந்தது. அது அவரை அவ்வளவாக உறுத்தவில்லை. இந்தப் பன்னிரண்டுதான் உறுத்தியது.

திங்கட்கிழமை காலை அவர் செய்த முதல் வேலை, சுழல் நாற்காலியின் உறையைக் கிழித்து எறிந்தது. பதினொரு மணி வரைக்கும் எழுந்திருக்கவில்லை. அடுத்த நாலு வாரத்துக்கான சார்ட்டைக் பென்சிலால் எழுதி, "உங்களுக்கு ஒத்து வர்றபடி நீங்களே மாத்தி மாத்தி எழுதுங்க, ஒரு மாடிக்கு ரெண்டு பேருக்குக் குறையக் கூடாது, அவ்வளவுதான்" என்று கூடத்தில் தொங்கவிட்டார். அதைவைத்து முதல் நாள் பெரிய ரகளை நடந்தது. எல்லாருக்கும் ஞாயிறு வேண்டும். அவர் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார், போகவில்லை. இரண்டு மணி நேரத்தில் தாங்களாகவே ஒரு முடிவுக்கு வந்தார்கள்.

பிறகு ஒவ்வொருவராக உட்காரவைத்து ஒரே கேள்வி கேட்டார்: "உன் வேலையைக் கெடுக்கிறது எது?" லிஃப்ட் கதவு சீக்கிரம் மூடிக்கொள்கிறது என்றார் ஒருவர். டாக்டர் சரியாகச் சாப்பாட்டு நேரத்தில் வருகிறார், ஊட்டுவதா, அவர் சொல்வதைக் கேட்பதா என்றார் இன்னொருவர். போர்வைகள் தரைத்தளத்தில், படுக்கைகள் மாடியில், நாளைக்கு இருபது முறை ஏறி இறங்குகிறேன் என்றார் ரேடியோ. பயில்வான் லிஃப்ட்காரரோடு மல்லுக்கட்டினார். டாக்டரிடம் பவ்யமாகப் பேசி, பலிக்காமல், கொஞ்சம் பிடிவாதமாகப் பேசி நேரத்தை மாற்றினார். அலமாரி மாடிக்குப் போனது.

இயந்திரத்தைப் பிரித்த நாளில் யாரை முதலில் தூக்கிப் பார்ப்பது என்று பேச்சு வந்தது. பயில்வான் தானே கட்டிலில் படுத்தார். ரேடியோ துணியை அவருக்கு அடியில் செருகி, கொக்கி மாட்டி, "அண்ணே, இப்பத் தூக்கப் போறேன், கொஞ்சம் ஆடும்" என்று சொல்லிவிட்டுப் பொத்தானை அழுத்தினார். அந்தரத்தில் கால் தொங்க, நாற்பத்தொன்பது வயது மனிதர், "ஏய் ஏய், மெல்ல!" என்று அலறினார். சக்கர நாற்காலிகளில் இருந்தவர்கள் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். இறங்கியபிறகு அவர் ஒன்றைச் சொன்னார்: "மேல போகும்போது பிடிச்சுக்க ஒண்ணும் இல்ல. நெஞ்சு அடிச்சுக்குது. தூக்கும்போது ஒருத்தர் கையைப் பிடிச்சுக்கணும்." அன்றிலிருந்து அதுவே விதியாயிற்று. ஒருவர் பொத்தானுக்கு, ஒருவர் கை பிடிக்க.

எளிதாக இருந்தது என்று சொல்ல முடியாது. "பயில்வான் வந்தாதான் எழுந்திருப்பேன்" என்று அடம்பிடிக்கும் குரல் மாடியிலிருந்து கேட்கும்போதெல்லாம் அவருக்குக் கை நமநமக்கும். ஒருநாள் பொறுக்க முடியாமல் ஏறிப் போய்விட்டார். கதவுக்கு வெளியே நின்றார். உள்ளே புதிதாகச் சேர்ந்த பெண் ஒருவர், "இப்ப இடது கையைப் பிடிக்கப் போறேன்" என்று பெரியவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். பெரியவர் முணுமுணுத்தபடியே எழுந்தார். பயில்வான் சத்தமில்லாமல் இறங்கிவந்து லீவுக் கடிதங்களில் கையெழுத்துப் போட்டார். வந்த அன்றே கையெழுத்து. அதில் அவர் தவறியதே இல்லை. வாரத்துக்கு ஒரு காலை மட்டும், சார்ட்டில் தன் பேரையும் மற்றவர்களைப் போல எழுதி, அந்த முறைக்கு மாடியில் வேலை பார்ப்பார். அன்றைக்கு மாடியில் ரேடியோ சொல்கிறபடிதான் அவர் கேட்க வேண்டும்.

ஒரு வருஷம் கழித்து அவர் வாழ்க்கையில் முதல் தடவையாக நான்கு நாள் விடுப்பு எடுத்தார். மனைவியோடு கடற்கரை ஊர் ஒன்றுக்குப் போனார். பொறுப்பை ரேடியோவிடம் கொடுத்திருந்தார். முதல் நாள் எப்படியோ தாக்குப்பிடித்தார். இரண்டாம் நாள் காலை எட்டரைக்கு, மனைவி குளிக்கப் போன சமயம் பார்த்துப் போன் போட்டார்.

"என்னம்மா, எல்லாம் சரியா இருக்கா?"

"இருக்குண்ணே."

"டாக்டர் வந்தாரா? அந்த லிஃப்டு..."

"அண்ணே, இப்ப ரெண்டு பேரா டீச்சரைத் தூக்கப் போறோம். நான்தான் கையைப் பிடிக்கணும். போனை வெக்கிறேன்" என்று வைத்துவிட்டார்.

பயில்வான் போனையே பார்த்துக்கொண்டு நின்றார். தலை துவட்டியபடி வந்த மனைவி, "யாருங்க?" என்று கேட்டார்.

"ஆபீஸ்தான். நான் தேவையில்லையாம்" என்றார். சொல்லும்போதே அவருக்கு வாயெல்லாம் பல்லாக இருந்தது.